இராப் பயணமும் வண்டிக்குள் காற்றும்

மோட்டார் வண்டிகளில் குளிர்ச்சியையும் வெப்பத்தையும் கூட்டிக் குறைக்கும் குமிழ் ஒன்று உண்டு. அதில் ஒரு பாதி நீல வர்ணம். மறு பாதி சிவப்பு. சென்னையிலோ மதுரையிலோ வண்டி ஓட்டப் பழகியவர்கள் அந்த நீலப் பாதியை மாத்திரமே அறிவார்கள். சிவப்புப் பாதி எதற்காக இருக்கிறது என்று அவர்கள் எண்ணிப் பார்த்ததும் இராது. சித்திரை வெயிலில் வெந்து கிடக்கும் வண்டிக்குள் ஏறி அமர்கிறவருக்கு மேலும் வெப்பம் வேண்டுமென்று தோன்றுமா? ஆகவே குமிழ் வருஷம் முழுவதும் நீலத்திலேயே நிற்கும். உத்தியோகத்தை முன்னிட்டுத் தில்லிக்கோ சண்டிகருக்கோ லக்னோவுக்கோ வந்து குடியேறிய பின்னரும் இந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போவதில்லை. குளிர்காலம் வந்தால் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சன்னல்களை இறுக மூடி ஓட்டுகிறோம். பகலில் இதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. இரவில்தான் அபாயம்.

நமக்கே நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன்பு, தை மாதத்துக் குளிரில், மதுரையிலிருந்து விமானத்தில் வந்த சித்தப்பாவையும் சித்தியையும் அழைத்துவரத் தில்லி விமான நிலையத்துக்குப் போயிருந்தோம். மூடுபனியால் விமானம் தாமதமாகி, அவர்கள் வெளியே வரும்போது நள்ளிரவு ஆகிவிட்டது. வண்டியில் ஐந்து பேர். வெளியே காத்து நின்றதில் சால்வைகளெல்லாம் ஈரம். ஊரெங்கும் புகை மண்டியிருந்ததால் வெளிக்காற்று உள்ளே வராதபடி விசையை அழுத்திவிட்டு, குளிர்சாதனத்தையும் நிறுத்திவிட்டுப் புறப்பட்டோம். மயூர் விஹார் போய்ச் சேர வேண்டும். ரிங் ரோட்டை அடைந்த சிறிது நேரத்துக்கெல்லாம் முன் கண்ணாடி மங்கத் தொடங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிட்டது.

"ஏனப்பா, வெளியே மழை பெய்கிறதா?" என்று கேட்டார் சித்தப்பா.

வைப்பரை ஓடவிட்டோம். அது பாட்டுக்கு வறட்டுக் கண்ணாடியில் கிறீச்சிட்டதே தவிர வேறு பலன் இல்லை. ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கண்ணாடியைத் துடைத்தோம். துடைத்த இடம் கோடு கோடாக ஈரம் படிந்து, எதிரே வந்த லாரியின் விளக்கு அதில் பட்டுக் கண்ணாடி முழுவதும் ஒளி வெள்ளமாகப் பரவியது. அந்த ஒளி விலகியபோது, விளக்கில்லாத தள்ளுவண்டி ஒன்று நமக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தது. எப்படியோ வண்டியைத் திருப்பினோம். இடைவெளி ஒரு முழம் இருந்திருந்தால் அதிகம். வீடு போய்ச் சேரும்வரை ஒருவரும் பேசவில்லை.

இத்தனைக்கும் அந்தக் கண்ணாடியைத் தெளியவைக்கும் வழி கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது. அன்று அது நமக்குத் தெரியவில்லை; அவ்வளவுதான்.

கண்ணாடியில் படியும் இந்தப் பனி எங்கிருந்து வருகிறது? அடுக்களையில் நாள்தோறும் பார்ப்பதுதான். இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறந்தால் அதன் உட்புறமெல்லாம் நீர்த்துளிகள் தொங்குகின்றன. உள்ளே இருந்த ஈரமான சூடான காற்று, தன்னைவிடக் குளிர்ந்த மூடியில் பட்டதும் தன்னிடமிருந்த நீரை அங்கே விட்டுவிடுகிறது. இது ஒரு வகை. மற்றொரு வகை, பானைக் குளிர்நீரைச் செம்பில் எடுத்து வைத்தால் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பது. செம்பு ஒழுகுவதாகக் குழந்தைகள் நினைப்பார்கள். ஆனால் அந்த நீர் செம்பிலிருந்து வந்ததன்று. அறையின் காற்றிலிருந்து வந்தது. கொப்பரை மூடியில் ஈரம் உட்புறம், செம்பில் வெளிப்புறம். வண்டியின் கண்ணாடியும் சில சமயம் கொப்பரை மூடியாக இருக்கிறது, சில சமயம் செம்பாக இருக்கிறது. எது எப்போது என்று தெரிந்துகொண்டால் பாதிக் காரியம் முடிந்தது.

காற்று எவ்வளவுக்கெவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு அதிக நீராவியைத் தாங்கும். 20 டிகிரி சென்டிகிரேடில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீரை ஆவியாகத் தாங்கக்கூடும். அதே காற்று 5 டிகிரிக்கு இறங்கினால் சுமார் 7 கிராமுக்கு மேல் தாங்காது. எஞ்சியதைத் துளியாக உதறிவிடும். மனிதர் ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் மணிக்குச் சுமார் 40 கிராம் நீரை வெளியிடுகிறார். அன்றைய ஐவரின் கணக்கைப் பாருங்கள்: மணிக்கு 200 கிராம், அதாவது ஒரு டம்ளர் தண்ணீர். சிறிய வண்டி ஒன்றின் உட்புறம் மொத்தம் 3 கனமீட்டர் அளவே இருக்கும். அதிலுள்ள காற்று 20 டிகிரியில் இருந்தாலும் 50 கிராம் சொச்சம்தான் தாங்கும். அதிலும் 20 கிராம் ஏற்கெனவே குளிர்காற்றோடு வந்து உட்கார்ந்திருக்கிறது. மீதியிடத்தை ஐந்து பேர் பத்து நிமிஷத்தில் நிரப்பிவிடுவார்கள். ஈரச் சால்வைகள் தனி. கண்ணாடியை ஒட்டிய காற்றுக்கோ அந்தப் பத்து நிமிஷச் சலுகைகூடக் கிடையாது. கண்ணாடி வெளியிலுள்ள குளிருக்குச் சமமாகச் சில்லிட்டிருப்பதால் அங்கே துளி உடனே படியத் தொடங்குகிறது.

ஆகவே இந்த வடநாட்டுக் குளிரில் நாம் செய்ய வேண்டியவை இரண்டு. வண்டிக்குள் இருக்கும் ஈரக் காற்றை வெளியேற்ற வேண்டும். கண்ணாடியைச் சூடாக்க வேண்டும். முதலாவதாக, வெளிக்காற்று உள்ளே வரும்படி விசையை மாற்றுக. வண்டியின் படத்துக்குள்ளேயே வட்டமாகத் திரும்பும் அம்புக்குறி உள்ள விசை, உள்ளிருக்கும் காற்றையே சுழற்றிச் சுழற்றித் தருவது. அதை நீக்கிவிட வேண்டும். மார்கழி மாதத்து வெளிக்காற்று தொட்டுப் பார்த்தால் ஈரமாகத் தோன்றினாலும் கிராம் கணக்கில் அது வறண்டதே; சூடேற்றினால் எவ்வளவோ நீரை வாங்கிக்கொள்ளும். இரண்டாவதாக, குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்புக. மூன்றாவதாக, வளைந்த கண்ணாடி போன்ற உருவத்தின்மேல் மூன்று அலைக்கோடுகள் எழும் படமுள்ள நிலைக்குக் காற்றின் திசையை மாற்றி, விசிறியை வேகப்படுத்துக. வளைந்த உருவம் முன் கண்ணாடியைக் குறிக்கும். நீள்சதுர உருவத்தில் அதே அலைக்கோடுகள் இருந்தால் அது பின் கண்ணாடிக்கு உரியது. அங்கே மெல்லிய மின்கம்பிகள் கண்ணாடியைச் சூடாக்குகின்றன.

நான்காவது காரியம்தான் யாரும் நம்ப மறுப்பது. குளிர்சாதனத்தையும் போட வேண்டும்! வெப்பத்தையும் குளிர்ச்சியையும் ஒரே சமயத்தில் போடுவதா என்று நேயர்கள் நகைக்கலாம். பனிநட்சத்திரப் படமுள்ள அந்த விசையை அழுத்தினால், விசிறி இழுக்கும் காற்று முதலில் குளிர்ச் சுருளின் மேல் படுகிறது. செம்பின் மேல் நீர் படிவதைப்போல் காற்றின் ஈரமெல்லாம் சுருளிலே படிந்து, குழாய் வழியாகக் கீழே சொட்டிவிடுகிறது. கோடையில் நிறுத்தி வைத்த வண்டியின் அடியில் குட்டையாகத் தேங்கும் தண்ணீர் இதுதான். ஈரம் நீங்கிய காற்று அதன்பின் வெப்பச் சுருளைக் கடந்து சூடாகி வருகிறது. சூடாகவும் வறட்சியாகவும் வந்த அந்தக் காற்று கண்ணாடியிலுள்ள துளிகளை ஒன்றிரண்டு நிமிஷத்தில் உறிஞ்சிவிடும். குளிர்சாதனம் பிறந்ததே இந்த வேலைக்காகத்தான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1902-இல் அமெரிக்காவில், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் காகிதம் உப்பிச் சுருங்கி, ஒரு வர்ணத்தின்மேல் அடுத்த வர்ணம் சரியாகப் பொருந்தாமல் போயிற்று. அந்த ஈரத்தை அடக்குவதற்காகவே வில்லிஸ் கேரியர் என்னும் பொறியாளர் தமது இயந்திரத்தை வகுத்தார். நம் சிவகாசிக்காரர்களுக்கு வறண்ட காற்றை இயற்கையே இலவசமாகக் கொடுத்துவிட்டது. புரூக்ளின்காரர்கள் அதற்கு இயந்திரம் செய்ய வேண்டியிருந்தது.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். பெட்ரோல், டீசல் வண்டிகளில் வெப்பம் எஞ்சினைச் சுற்றி வரும் சூடான நீரிலிருந்து கிடைக்கிறது. வீணாய்ப் போகும் வெப்பமாகையால் அதற்குத் தனிச் செலவு இல்லை. ஆனால் எஞ்சின் சூடாகச் சில நிமிஷங்கள் ஆகும். அதுவரை குளிர்சாதனமும் வெளிக்காற்றுமே துணை. மின்சார வண்டிகளில் வெப்பம் உடனே கிடைக்கும். ஆனால் அது மின்கலத்திலிருந்து எடுக்கப்படுவதால் ஓடும் தூரம் சற்றுக் குறையும். மற்றொன்று: கண்ணாடி தெளிந்துவிட்டதென்று குளிர்சாதனத்தைச் சட்டென்று நிறுத்தி, உட்காற்றுச் சுழற்சியையும் போட்டால், சுருளில் தங்கியிருந்த நீரெல்லாம் ஆவியாகித் திரும்பவும் உள்ளே வரும். கண்ணாடி முன்னைவிட வேகமாக வெளுக்கும். சிம்லா, காஷ்மீரம் போன்ற மலைப் பிரதேசங்களில் பணியிலிருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. வெளியே உறைநிலைக்குச் சமீபமாகக் குளிர் இறங்கினால் பெரும்பாலான வண்டிகளில் கம்ப்ரெஸர் தானாகவே வேலை செய்யாது. அங்கே வெப்பமும் வெளிக்காற்றும்தான் கதி.

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் வண்டியை ஓட்டியவர்களில் பலர் இந்த விசைகளை அறியார். முன் சன்னலின் ஓரத்தில் இருந்த சிறு முக்கோணக் கண்ணாடியைச் சற்றே திருப்பி வைப்பார்கள், காற்று உள்ளே பாயும், கண்ணாடி தெளியும். இன்றும் விசை பழுதானால் இரு பக்கத்துச் சன்னல்களையும் ஓர் அங்குலம் இறக்குவதைவிட நல்ல உபாயம் வேறில்லை. குளிரும்தான், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதுவரை சொன்னது கொப்பரை மூடியின் கதை. செம்பின் கதைக்குப் பம்பாய்க்குப் போக வேண்டும். மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர்களைக் கேட்டால், ஆனி ஆடி மாதங்களில் இதற்கு நேர்மாறான அனுபவத்தைச் சொல்வார்கள். வெளியே 27, 28 டிகிரி வெப்பம். மழை விட்டிருந்தாலும் காற்று முழுவதும் நீர். வண்டிக்குள் குளிர்சாதனம் 18 டிகிரியில் வைக்கப்பட்டு, அதன் காற்று முன் கண்ணாடியில் மோதிக்கொண்டிருக்கிறது. கண்ணாடி செம்பைப்போல் குளிர்ந்து, வெளிப்புறம் வியர்க்கிறது. உள்ளே துணியால் எத்தனை துடைத்தாலும் பயன் இல்லை. வைப்பரை ஒரு முறை ஓட்டினால் தெளிகிறது. அடுத்த நிமிஷமே மறுபடியும் மங்குகிறது. இங்கே தில்லி வைத்தியத்தைச் செய்து, இன்னும் அதிகக் குளிர்காற்றைக் கண்ணாடியின்மேல் செலுத்தினால் நோய் முற்றும். காற்றைக் கண்ணாடியிலிருந்து விலக்கி முகத்துக்கோ காலுக்கோ திருப்புக. குளிர்ச்சியை 25, 26 டிகிரிக்கு உயர்த்துக. வைப்பரை இடையிடையே ஓட்டுக. இதுவே மருந்து. கல்கத்தாவிலும் சென்னையிலும், ஈரம் மிகுந்த இரவுகளில் இவ்வாறே நேரும்.

ஆனால் பம்பாய் என்றால் வெளிப்புறம், தில்லி என்றால் உட்புறம் என்று மனப்பாடம் செய்துவிடவும் கூடாது. அதே பம்பாய் மழையில் நனைந்த குடையும் செருப்புமாக நான்கு பேர் ஏறி, குளிர்சாதனமும் போடாதிருந்தால், உட்புறமே மங்கும். ஐயம் ஏற்பட்டால் கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு விரலால் கோடு இழுத்துப் பார்ப்பது போதும். விரல் நனைந்தால் உட்புறம், நனையாவிட்டால் வெளிப்புறம். அன்றைய இரவு வைப்பரை வறட்டுக் கண்ணாடியில் கிறீச்சிட வைத்த நமக்கு இந்த ஒரு விரல் சோதனை தெரிந்திருந்தால்! இதையும் வண்டியை ஓரமாக நிறுத்திச் செய்வதே முறை.

இந்த இடத்தில் தில்லி வாசிகள் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். ஐப்பசி முதல் தை வரை வெளிக்காற்றே விஷம்போல் இருக்கிறதே, அதையா உள்ளே விடச் சொல்கிறீர்கள் என்பார்கள். நாமும் அதை அஞ்சித்தான் அன்று விசையை மூடி வைத்தோம். புகை கக்கும் லாரிக்குப் பின்னால் போகும்போதும், குப்பை எரியும் இடத்தைத் தாண்டும்போதும் வெளிக்காற்றை அடைப்பது சரியே. அதைக் கடந்ததும் திறந்துவிட வேண்டும். இந்நாளைய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் வெளிக்காற்று ஒரு வடிகட்டியின் வழியாகத்தான் உள்ளே வருகிறது. காகிதம் போன்ற அந்த வடிகட்டி அடைத்துப் போனால் தூசியும் போகாது, காற்றும் வராது. பனிக்காலம் தொடங்குமுன் அதைப் புதிதாக மாற்றுவது பெரும் செலவன்று. புகைக்கும் பார்வைக்கும் இடையே ஒன்றைத்தான் காக்க முடியும் என்ற நிலை இரவில் வந்தால், பார்வையையே காக்க வேண்டும் என்பது நம் கருத்து. புகையின் தீமை பல ஆண்டுகளில் சேருவது. மங்கிய கண்ணாடிக்கு ஒரு விநாடி போதும்.

கண்ணாடி தெளிவாக இருந்தாலும் இரவில் கண்ணுக்கு வேலை அதிகம். தாழ்த்திய முன்விளக்கின் ஒளி பெரும்பாலும் 40 முதல் 60 மீட்டர் தூரத்தையே காட்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர், தடையைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் 25 மீட்டர் ஓடிவிடுவார். வறண்ட சாலையில் வண்டி நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும். மொத்தம் 45. இது விளக்கின் எல்லைக்குள் ஒருவாறு அடங்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அதே கணக்கு 70 மீட்டரை நெருங்குகிறது. அதாவது, கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடியாத வேகம் அது. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் கரும்பு வெட்டும் பருவத்தில், பின்விளக்கே இல்லாத டிராக்டர் வண்டிகள் இரவெல்லாம் ஆலைக்குப் போகும். கரும்பின் நுனி வண்டிக்கு வெளியே பல அடி நீட்டிக்கொண்டிருக்கும். அச்சாலைகளில் ஓட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை மறக்கலாகாது.

எதிரே வருகிறவர் உயர்ஒளியைத் தாழ்த்தாமல் வந்தால், பதிலுக்கு நாமும் உயர்த்திக் காட்டுவது நம் நாட்டுச் சாலைகளில் ஒரு சண்டை முறையாகவே வளர்ந்துவிட்டது. இரண்டு குருடர்களை உண்டாக்குவதைத் தவிர அதனால் ஒன்றும் விளைவதில்லை. அந்த விளக்கைப் பாராமல் சாலையின் இடது ஓரத்தைப் பார்த்துக்கொண்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். பின்னால் வரும் வண்டியின் ஒளி உறுத்தினால், உட்புறக் கண்ணாடியின் அடியிலுள்ள சிறு நெம்பை இழுத்தால் ஒளி மங்கும். வயதானவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். அறுபது வயதுக் கண்ணுக்குள் புகும் ஒளி, இருபது வயதுக் கண்ணுக்குள் புகுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கூசிய கண் தெளியவும் அதிக நேரம் பிடிக்கும். முன் கண்ணாடியின் உட்புறத்தில், வண்டியின் பிளாஸ்டிக் பாகங்களிலிருந்து எழும் ஆவியும் தூசியும் சேர்ந்து எண்ணெய்ப் படலம்போல் படிகிறது. பகலில் அது தெரியாது. இரவில் எதிர்விளக்கு பட்டதும் தெரியும். பனித்துளி எளிதில் பற்றிக்கொள்வதும் அழுக்குப் படிந்த கண்ணாடியிலேதான். புறப்படுவதற்கு முன்பு ஈரத் துணியாலும் பின்பு பழைய செய்தித்தாளாலும் உட்புறத்தைத் துடைப்பது ஐந்து நிமிஷ வேலை.

பனி கண்ணாடியில் இல்லாமல் சாலையிலேயே இறங்கிவிட்டால் விசைகளால் ஆவது ஒன்றும் இல்லை. பார்வைத் தூரம் 200 மீட்டருக்குக் குறைந்தால் அடர்ந்த மூடுபனி என்றும், 50 மீட்டருக்கும் குறைந்தால் மிக அடர்ந்தது என்றும் இந்திய வானிலைத் துறை வகுத்திருக்கிறது. உயர்ஒளி போட்டால் அது பனித்திரையில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். தாழ்ஒளியும், கீழே பொருத்திய பனிவிளக்கும்தான் உதவும். நான்கு மூலை விளக்குகளையும் மின்னவிட்டுக்கொண்டே ஓட்டுவது வடநாட்டில் பெருவழக்கு. அப்படிச் செய்தால் நாம் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. நிற்கிறோமா ஓடுகிறோமா என்பதும் தெரியாது. வண்டியை நிறுத்தும்போது போடுவதற்கே அவ்விளக்கு. கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை 165 கிலோமீட்டர் நீளும் யமுனா விரைவுச்சாலை 2012-இல் திறக்கப்பட்டது. அதுபோன்ற சாலைகளில் பனிக்கால விபத்து பெரும்பாலும் ஒரு வண்டியோடு முடிவதில்லை. நின்ற வண்டியின்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது என்று மோதிக்கொண்டே போகும். ஆகையால் பாதையின் நடுவிலோ ஓரத்திலோ நிற்பது கூடாது. உணவு விடுதியோ பெட்ரோல் நிலையமோ வரும்வரை மெல்லப் போய், சாலையை விட்டு முற்றிலும் விலகி நிறுத்த வேண்டும். தேசிய நெடுஞ்சாலைகளில் உதவி வேண்டுமானால் 1033 என்ற எண்ணும், எங்கும் அவசரத்துக்கு 112 என்ற எண்ணும் உண்டு.

கண்ணாடி தெளிவாக இருக்கிறது, சாலையும் தெளிவு, விளக்கும் சரி. ஆனால் ஓட்டுகிறவர் கண்ணயர்ந்தால்? இங்கேயும் அந்த வட்ட அம்புக்குறி விசைக்குப் பங்கு உண்டு. வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு கரியமில வாயு இருக்கிறது. நான்கைந்து பேர் அமர்ந்த வண்டியில் உட்காற்றையே சுழலவிட்டால், அரை மணி நேரத்துக்குள் அது சில ஆயிரம் பங்குகளாக ஏறிவிடும். மயக்கம் போட்டு விழும் அளவு அன்று இது. ஆனால் தலை கனக்கும், கவனம் தளரும், கொட்டாவி வரும். இதமான வெப்பமும் சேர்ந்தால் தாலாட்டுதான். ஆகவே நெடும் பயணத்தில் வெளிக்காற்றே வழக்கமாக இருக்க வேண்டும். உட்சுழற்சி சில நிமிஷங்களுக்கு மட்டுமே. வெப்பமும் 21, 22 டிகிரிக்கு மேல் வேண்டாம், குளிர்கிறவர்கள் போர்த்திக்கொள்ளட்டும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பொங்கலுக்கு முந்தின இரவில் ஊருக்குப் புறப்படும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அலுவலகம் முடிந்து, மூட்டை கட்டி, ஓசூர் நெரிசலைத் தாண்டும்போதே இரவு வெகு நேரம் ஆகிவிடுகிறது. கிருஷ்ணகிரி கடந்ததும் குழந்தைகள் தூங்கிவிடுகிறார்கள், பிறகு மனைவி, பிறகு பின்னால் உட்கார்ந்த அம்மா. வெளியே குளிர்; சன்னலெல்லாம் அடைப்பு. விழித்திருப்பவர் ஒருவரே. அவரும் காலை ஏழு மணிக்கு எழுந்தவர். தருமபுரியைத் தாண்டித் தொப்பூர்க் கணவாய் இறக்கத்தை அவர் அடையும் நேரம், உடல் தானாகவே உறக்கத்தை நாடும் நேரம். இரவு 2 மணி முதல் 5 மணி வரை மனித உடலில் விழிப்பு மிகவும் தாழ்ந்திருக்கும். பகலில் நன்றாகத் தூங்கியவர்களுக்கும் இது உண்டு. கண் நான்கு விநாடி மூடினால் 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஏறத்தாழ 90 மீட்டர் தானே ஓடிவிடுகிறது. மூடினோம் என்பதே பல சமயம் ஓட்டுகிறவருக்குத் தெரிவதில்லை. சேலம் நோக்கி இறங்கும் அக்கணவாயில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதிய விபத்துகள் பல. அங்கே கியரைக் குறைத்து எஞ்சினின் பிடியிலேயே இறங்க வேண்டும்; நியூட்ரலில் இறங்குவது எரிபொருளை மிச்சப்படுத்தும் என்ற எண்ணம் அங்கே உயிருக்கு ஆபத்து.

தூக்கம் வந்தால் சன்னலை இறக்குவது, குளிர்காற்றை முகத்தில் வீசவிடுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது முதலியவற்றால் சில நிமிஷங்களுக்கு மேல் பயன் கிடைக்காது. தூக்கத்துக்கு மருந்து தூக்கமே. ஒரு காப்பி குடித்துவிட்டு உடனே பதினைந்து இருபது நிமிஷம் கண்ணயர்வது சிறந்தது. காப்பியின் வேகம் உடலில் ஏற ஏறத்தாழ அரை மணி ஆகிறது, அதற்குள் தூக்கமும் ஆகிவிடுகிறது. எழுந்ததும் உடனே கிளம்பாமல், மந்தம் தெளியும்வரை சற்று நடந்துவிட்டு ஏற வேண்டும். பக்கத்தில் அமர்ந்திருப்பவர் தூங்காமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டு வருவதும் பெரும் உதவி. அதை உறவினர் எவரும் பாரமாக எண்ணலாகாது.

வண்டியிலேயே தூங்குவதாக இருந்தால், குளிருக்காகவோ வெக்கைக்காகவோ எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு, எல்லாக் கண்ணாடிகளையும் மூடித் தூங்குவது கூடவே கூடாது. எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. புகைக்குழாயில் ஒரு சிறு ஓட்டை இருந்தாலும், வண்டி சுவரோரமாகவோ கொட்டகைக்குள்ளோ நின்றாலும், அது உள்ளே புகுந்துவிடும். இரத்தம் பிராணவாயுவைச் சுமந்து செல்வதை அது தடுக்கிறது. விழித்திருப்பவருக்குத் தலைவலியும் குமட்டலும் தோன்றி எச்சரிக்கும். தூங்குகிறவருக்கு அந்த எச்சரிக்கையும் இல்லை. வீட்டுக் கொட்டகையில் கதவை மூடிக்கொண்டு, குளிர்காலக் காலையில் எஞ்சினைச் சூடாக்குவதும் இதே காரணத்தால் ஆபத்தானது. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடமாகப் பார்த்து, சாலையை விட்டு விலகி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இரு பக்கத்திலும் சன்னலை ஓர் அங்குலம் இறக்கி, கதவுகளைப் பூட்டி, கைப்பேசியில் இருபது நிமிஷத்துக்கு மணி வைத்துக்கொண்டு சாய்ந்து உறங்கலாம். கம்பளி ஒன்று வண்டியிலேயே எப்போதும் இருக்கட்டும்.